ஏழில் ஒன்றுகூட இல்லை: கிராமி அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

கிராமி இசை விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் நிர்வாகிகளுக்கும், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் என் பக்கக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2002 பிப்ரவரி 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டேபிள்ஸ் சென்டரில் நடந்த உங்கள் 44-ஆவது கிராமி விழாவில், அப்போதைய தலைவர் மைக்கேல் கிரீன் மேடையேறி, இணையத்திலிருந்து பாட்டுகளை இறக்கிக் கேட்பவர்களை ஒரு பிடி பிடித்தார். மூன்று மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்தோம், இரண்டு நாளில் 6000 பாட்டுகளை இறக்கிவிட்டார்கள் என்று கணக்கும் சொன்னார். அவர் யாரைத் திட்டினாரோ அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று இரவு ஏழு பிரிவுகளில் பரிந்துரை பெற்று, ஏழிலும் வெறுங்கையோடு வீடு திரும்பியவர் அமெரிக்கப் பாடகி இந்தியா ஆரி. அவருடைய முதல் ஆல்பமான ‘அகூஸ்டிக் சோல்’ எனக்கு வந்து சேர்ந்ததே திருட்டு வழியில்தான்.

சென்னையில் ஒரு கல்லூரி விடுதி. அறைத்தோழன் ரிச்சி தெருவில் கட்டாக வாங்கி வந்த வெற்றுத் தட்டுகளில் ஒன்றில், அவனுக்குத் தெரிந்த யாரோ எம்பி3 பாட்டுகளை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ‘இந்தியா’ என்று ஒரு ஃபோல்டர். சுதந்திர தினத்துக்கு ஒலிபெருக்கியில் போடுகிற பாட்டுகள் இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். ஒரு கிடார் மெல்ல ஆரம்பித்தது. அப்புறம் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத் தணிந்து பாடியது. ‘ரெடி ஃபார் லவ்’ என்று கோப்பின் பெயரில் இருந்தது. சூடு தாங்காமல் கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்திருந்தோம். அந்த விசிறி இரைச்சலில் பாட்டு பாதி மூழ்கியது. ஸ்பீக்கரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

வேலைக்குப் போன பிறகு அதே ஆல்பத்தை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கிவிட்டேன். ஒன்று இரவல் போய்த் திரும்பவில்லை, ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆகவே மைக்கேல் கிரீன் சொன்ன கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு, உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று இருக்கிறேன்.

2002 விழாவின் வாக்கு எண்ணிக்கையை வெளியிடுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மிச்ச மடல்.

அந்த வருடப் பட்டியலை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். அதிகப் பரிந்துரை யூ டூ குழுவுக்கு, எட்டு. அடுத்து இந்தியா ஆரிக்கு ஏழு. அடுத்து அலிசியா கீஸுக்கு ஆறு. முதல் ஆல்பம் போட்ட இரண்டு பெண்கள், இருவரும் கருப்பினத்தவர், இருவரும் தாங்களே பாட்டு எழுதுபவர்கள், ஒருவர் கையில் கிடார், இன்னொருவர் விரலடியில் பியானோ. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அலிசியா கீஸ் பரிந்துரைக்கப்பட்ட ஆறு பிரிவுகளிலும் இந்தியா ஆரி எதிரே நிற்கிறார். ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த புதுமுகம், ஆர் அண்ட் பி (கருப்பின அமெரிக்கர்களின் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இசை) பெண் குரல், ஆர் அண்ட் பி பாடல், ஆர் அண்ட் பி ஆல்பம் என்று ஆறும் நேருக்கு நேர் மோதல். அதில் ஐந்து கீஸுக்குப் போயின. மிச்சமிருந்த ஆண்டின் சிறந்த பதிவு ‘வாக் ஆன்’ பாட்டுக்காக யூ டூவுக்குப் போயிற்று.

ஏழாவது பிரிவுதான் எனக்கு இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆண்டின் சிறந்த ஆல்பம். அதற்குப் போட்டியிட்ட ஐந்தையும் உங்கள் ஆவணங்களிலேயே பார்க்கலாம். பாப் டிலனின் ‘லவ் அண்ட் தெஃப்ட்’, அவுட்காஸ்டின் ‘ஸ்டாங்கோனியா’, யூ டூவின் ஆல்பம், ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தின் பாட்டுத் தொகுப்பு, அப்புறம் ‘அகூஸ்டிக் சோல்’. அலிசியா கீஸின் ‘சாங்ஸ் இன் ஏ மைனர்’ அந்த ஐந்தில் இல்லவே இல்லை. அதாவது அந்த வருடம் எல்லா வகை இசையையும் சேர்த்துப் பார்த்து முதல் ஐந்தைப் பொறுக்கியபோது, இந்தியா ஆரி உள்ளே, கீஸ் வெளியே. அதே விழாவில் ஆர் அண்ட் பி ஆல்பத்தை மட்டும் தனியாக எடுத்தபோது கீஸ் முதலிடம், இந்தியா ஆரி வெறும் பரிந்துரை. மாவட்ட அளவில் தேர்வாகாத பெண் பள்ளி அளவில் முதல் பரிசு வாங்குவது நடக்கக்கூடியதுதான். ஆனால் மாவட்டத்துக்குப் போன பெண்ணைத் தோற்கடித்து வாங்கினால், நடுவர்கள் யார் என்று எந்தத் தகப்பனும் கேட்பான்.

நடுவர்கள் இரண்டு விதம் என்பது உங்களுக்குத் தெரியும். 1995 முதல் முக்கியமான நான்கு பிரிவுகளுக்கு உறுப்பினர்களின் வாக்கு நேரடியாகப் பரிந்துரைப் பட்டியலாகவில்லை. அதிக வாக்கு வாங்கிய இருபது சொச்சம் பெயர்களை, பெயர் வெளியே தெரியாத ஒரு குழு உட்கார்ந்து கேட்டு, அதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்தது. இறுதிச் சுற்றில் மட்டும் எல்லா உறுப்பினரும் வாக்களித்தார்கள். ஆகவே என் ஊகம் இது. பாட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுத்த குழு ‘அகூஸ்டிக் சோல்’ பக்கம் சாய்ந்தது. பெயரைப் பார்த்து டிக் அடித்த கூட்டம் வேறு பக்கம் சாய்ந்தது. ஊகம் என்றுதான் சொல்கிறேன். எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை.

இதைப் படித்துவிட்டு, கீஸுக்குக் கிடைத்தது பிடிக்காமல் எழுதுகிறான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ‘ஃபாலின்’ பாட்டு அமெரிக்கப் பிரபலப் பாடல் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் பின்னணி எதுவும் இல்லாமல் அவர் குரல் மட்டும் ஏறி இறங்குகிற இடத்தைக் கேட்டு மயங்காதவர் யார்? அவருக்குப் பின்னால் கிளைவ் டேவிஸ் இருந்தார். தம் புது நிறுவனமான ஜே ரெக்கார்ட்ஸின் பெரிய நம்பிக்கையாக அவரை முன்னிறுத்தினார், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்குத் தாமே கடிதம் எழுதினார், ஆல்பம் கடைக்கு வருமுன்பே கீஸ் ஓப்ராவின் நிகழ்ச்சியில் பாடினார். விற்கத் தெரிந்தவர் விற்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இந்தியா ஆரியின் ‘வீடியோ’ பாட்டு அதே பட்டியலில் ஏறிய உச்சம் 47. ஆல்பம் 2001 மார்ச் கடைசியில் மோட்டவுன் நிறுவனம் வழியாக வந்தது, முதல் வாரத்தில் ஆல்பம் பட்டியலில் பத்தாம் இடத்தில் நுழைந்தது, பிற்பாடு இரட்டை பிளாட்டினம் ஆயிற்று. மோசமில்லை. ஆனால் அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். இசைத்தட்டுக் காணொளிகளில் ஆடுகிற பெண் மாதிரி நான் இல்லை, காலில் முடியை எடுப்பதும் எடுக்காததும் என் அன்றைய மனநிலை, இருந்தும் என்னை நான் மதிக்கிறேன் என்கிறது. இதைக் காணொளிகளையே நம்பி ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகளுக்கு அனுப்பி, ஒளிபரப்புங்கள் என்றும் கேட்டார்கள். துணிச்சல்தான். பாட்டின் அடித்தாளத்தில் இருப்பது எழுபதுகளின் பிரிக் என்ற குழுவின் ‘ஃபன்’ பாட்டிலிருந்து எடுத்த ஒரு துண்டு. பிரிக் அட்லாண்டாக்காரர்கள். டென்வரில் பிறந்து பதின்வயதில் அட்லாண்டாவுக்குக் குடிவந்து, அந்த ஊர்ச் சின்னச் சின்ன மேடைகளில் கிடாரோடு உட்கார்ந்து பாடிப் பழகியவர் இந்தியா ஆரி. உள்ளூர்ச் சரக்கைத்தான் கையில் எடுத்திருக்கிறார்.

விமர்சகர்கள் பக்கம் வருகிறேன். ஆல்பம் வந்தபோது பெரும்பாலும் நல்ல வரவேற்புதான். அந்தக் குரலின் நிதானத்தையும், ஒலியைக் கூட்டாமல் விட்ட அடக்கத்தையும் பாராட்டினார்கள். குறை சொன்னவர்கள் சொன்னது ஒன்று, அறிவுரை வாடை அடிக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘ஸ்ட்ரெங்த், கரேஜ் அண்ட் விஸ்டம்’ என்ற தலைப்பைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருக்கும் பொன்மொழி மாதிரி இருக்கும். ஆல்பத்தின் பின்பாதியில் இயற்கை, கடவுள், அன்பு என்று வரிசையாக வரும்போது எனக்கும் கொஞ்சம் கொட்டாவி வந்ததுண்டு. முன்னோடிப் பாடகர்களின் பெயர்களை மந்திரம் மாதிரி அடுக்கிச் செல்லும் சின்ன இடையீடுகள் வேறு. முதல்முறை கேட்கும்போது உருக்கமாக இருக்கும், பத்தாவது முறை தாண்டிப் போகத் தோன்றும்.

ஆனால் விமர்சனங்களில் என்னை எரிச்சல்படுத்தியது அறிவுரைப் புகார் இல்லை. இந்தியா ஆரியின் பெயரை எழுதிய பேனா அடுத்த வரியிலேயே பாடகி லாரின் ஹில்லை எழுதும், அதற்கடுத்து எரிக்கா பாடுவை, ஜில் ஸ்காட்டை. கிடார் இருக்கிறதே என்று டிரேசி சாப்மனையும் இழுத்துவிடுவார்கள். இன்னாருடைய தங்கச்சி, இன்னாருடைய அண்ணி என்று சொல்லித்தான் புது மருமகளை ஊருக்கு அறிமுகப்படுத்துவது போல. அவள் பெயர் என்ன என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. எரிக்கா பாடுவுக்கும் இதே கதிதான் நடந்தது. 1997-இல் ‘பாடுயிசம்’ வந்தபோது பழைய ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பெயர் இல்லாமல் ஒரு விமர்சனமும் முடியவில்லை.

இவர்கள் பாடும் இசைக்கு ஒட்டிய ‘நியோ-சோல்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இசை நிறுவனக்காரர் கீடார் மாசன்பர்க். பாடகர் டி’ஆஞ்சலோவின் ‘பிரவுன் சுகர்’ 1995-இல் வந்தது, அப்புறம் பாடு, இவர்களை எல்லாம் ஒரு பெயரில் கட்டிக் கடைக்காரனுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அதே மாசன்பர்க்தான் பிறகு மோட்டவுனின் தலைவராகி இந்தியா ஆரியை ஒப்பந்தம் செய்தார். ஒரு வியாபாரிக்கு அது நல்ல பெயர்ப்பலகை. ஆனால் பலகை மாட்டிய மறுநாளிலிருந்து அது ஒரே ஒரு நாற்காலி ஆகிவிட்டது. ஒரே உறையில் இரண்டு வாள் போகாது என்பார்கள். வருடத்துக்கு ஒரு நியோ-சோல் பெண் போதும் என்று விமர்சகர்களும் வாக்காளர்களும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது போல நடந்துகொண்டார்கள்.

நீங்கள் இந்த இசையைச் சீந்தவே இல்லை என்று சொன்னால் அது பொய். 1998-இல் ‘பாடுயிசம்’ சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பம் ஆயிற்று. 1999-இல் லாரின் ஹில் தன் முதல் தனி ஆல்பத்தோடு வந்து பத்துப் பரிந்துரை பெற்று ஐந்தை வென்றார், ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட. 2001-இல் டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’வுக்கு ஆர் அண்ட் பி ஆல்பம் பரிசு. கொடுத்தீர்கள்தான். ஆனால் அதே 2001-இல் ஜில் ஸ்காட் முதல் ஆல்பத்தோடு வந்து சிறந்த புதுமுகம் பிரிவில் நின்றார். பரிசு ஷெல்பி லின்னுக்குப் போயிற்று. அவர் மேடையேறி, பதின்மூன்று வருடமும் ஆறு ஆல்பமும் ஆயிற்று இங்கே வருவதற்கு என்றார். புதுமுகம்! உங்கள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தனி மடலில் கேட்கிறேன்.

2002-இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் ‘ஓ பிரதர்’ தொகுப்புக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. வானொலிகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத பழைய மலைநாட்டுப் பாட்டுகள் அவை. கிராமி கிராமியத்துக்குக் கிடைத்தது என்று தமிழில் ஒரு சொல் விளையாட்டுக்கும் இடம் வைத்தீர்கள். வானொலி மறந்ததை நீங்கள் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. அப்படியானால் 47-ஆம் இடத்துப் பாட்டு என்பதற்காக இந்தியா ஆரி தோற்றார் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி எண்ணிக்கைக்கே வருகிறேன்.

அடுத்த வருடம் நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். 2003-இல் ‘அர்பன்/ஆல்டர்னேட்டிவ்’ என்று புதிதாக ஒரு பிரிவைத் திறந்தீர்கள். அதன் முதல் பரிசு யாருக்கு? இந்தியா ஆரிக்கு, ‘லிட்டில் திங்ஸ்’ பாட்டுக்காக. கூடவே அவருடைய இரண்டாம் ஆல்பம் ‘வாயேஜ் டு இந்தியா’வுக்கு ஆர் அண்ட் பி ஆல்பம் பரிசும் கொடுத்தீர்கள். (ஸ்டீவி வொண்டரின் ஒரு பழைய வாத்திய இசைத் துண்டின் பெயர் அது. இந்தமுறை நான் ஏமாறவில்லை.) இரண்டாம் ஆல்பம் முதலாவதைவிட மேலா? என் காதுக்கு இல்லை. முதல் பந்தியில் எழுப்பிவிட்டவரை மறுநாள் கூப்பிட்டு, திண்ணையில் தனி இலை போட்டுப் பரிமாறின மாதிரிதான் எனக்குத் தோன்றியது. அந்தத் திண்ணையும் நிலைக்கவில்லை. 2011-இல் பிரிவுகளைக் 109-இலிருந்து 78 ஆகக் குறைத்தபோது அதையும் இடித்துவிட்டீர்கள். பிறகு ‘அர்பன் கன்டெம்பரரி’ என்று இன்னொன்று கட்டினீர்கள், 2020-இல் அந்தப் பெயருக்கு எதிர்ப்பு வந்ததும் ‘புரோகிரசிவ் ஆர் அண்ட் பி’ என்று மாற்றினீர்கள்.

பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். பழங்கதை என்றால் விட்டிருப்பேன். 2018 ஜனவரியில் பாடகி சிசா தன் முதல் ஸ்டூடியோ ஆல்பமான ‘கன்ட்ரோல்’ உடன் வந்தார். அந்த வருடம் அதிகப் பரிந்துரை பெற்ற பெண் அவர்தான், ஐந்து. கிடைத்தது பூஜ்ஜியம். அன்று இரவு பெண்களுக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் பரிசு என்று செய்தியாளர்கள் கேட்டபோது, பெண்கள் இன்னும் முன்னுக்கு வர வேண்டும் என்கிற தோரணையில் பதில் சொன்னார் உங்கள் அப்போதைய தலைவர் நீல் போர்ட்னோ. பிறகு என்ன பாடுபட்டார் என்பது உங்களுக்கே தெரியும். விருது வாங்காத அந்த ‘கன்ட்ரோல்’ ஐந்து வருடத்துக்கு மேல் அமெரிக்க ஆல்பம் பட்டியலை விட்டு இறங்கவில்லை. அன்று விருது வாங்கிய ஆல்பங்களில் எத்தனையை இன்று யாராவது முழுதாகப் போட்டுக் கேட்கிறார்கள்?

சரி, நடுவில் நீங்கள் சில நல்ல காரியங்களும் செய்திருக்கிறீர்கள். 2020-இல் தலைமை அதிகாரியாக இருந்து நீக்கப்பட்ட டெபோரா டூகன் அந்த ரகசியக் குழுக்களின் மேல் குற்றம் சாட்டினார், நீங்கள் மறுத்தீர்கள். அதே வருடக் கடைசியில் பாடகர் த வீக்கெண்டின் ‘ஆஃப்டர் ஹவர்ஸ்’ ஒரு பரிந்துரைகூடப் பெறாதபோது அவர் வெளிப்படையாகவே ஊழல் என்றார். 2021-இல் அந்தக் குழுக்களைக் கலைத்தீர்கள். நான்கு முக்கியப் பிரிவுகளுக்கு வெளியே ஓர் உறுப்பினர் வாக்களிக்கக்கூடிய பிரிவுகளை 15-இலிருந்து 10 ஆகக் குறைத்தீர்கள், அதுவும் மூன்று துறைகளுக்குள் என்று எல்லை போட்டீர்கள். தெரியாத துறையில் தெரிந்த பெயருக்குக் குத்தும் பழக்கம் இதனால் கொஞ்சமாவது குறையும். நல்லதுதான்.

எல்லோரும் குழு ஒழிந்தது என்று கொண்டாடியபோது எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். நான் மேலே சொன்ன ஊகம் சரியாக இருந்தால், ‘அகூஸ்டிக் சோல்’ போன்ற ஒரு முதல் ஆல்பத்தை டிலனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்ததே அந்தக் குழுதான். அதைத் தட்டிவிட்டது பொது வாக்கு. குழுவைக் கலைத்துவிட்டுப் பொது வாக்கை மட்டும் வைத்துக்கொண்டால், நாளைக்கு இன்னொரு இந்தியா ஆரி அந்தப் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும்கூட வரமாட்டாரோ? அல்லது என் ஊகமே தலைகீழோ? பொது வாக்கில் அவர் நெருங்கி வந்து நூலிழையில் தோற்றிருக்கலாம். கீஸ் இல்லாத அந்த ஆல்பம் பிரிவில் ‘ஓ பிரதர்’ உடன் முட்டி மோதி இரண்டாவதாக வந்திருக்கலாம். ஐந்தாவதாகவும் வந்திருக்கலாம். மூன்றில் எது என்பதைப் பொறுத்து, 2021-இல் நீங்கள் எடுத்த முடிவு சரியா தப்பா என்பதே மாறிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் விமர்சகர்கள் இந்தக் காரியத்தை எப்போதோ செய்துவிட்டார்கள். நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ் வருடாவருடம் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில், எந்த ஆல்பத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதை அச்சிட்டுக் காட்டினார்கள். 1998-இல் லூசிந்தா வில்லியம்ஸ் முதலாவது, லாரின் ஹில் இரண்டாவது. பிடிக்காதவன் எண்ணைப் பார்த்துச் சண்டை போடலாம். உங்களிடம் சண்டை போட எண்ணே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பிப்ரவரியும் சதி, புறக்கணிப்பு, நிறவெறி என்று ஒரே கூச்சல். கூச்சலில் எவ்வளவு உண்மை என்று கூச்சல் போடுகிறவனுக்கும் தெரியாது, பதில் சொல்லும் உங்கள் செய்தித் தொடர்பாளருக்கும் தெரியாது. கணக்குப் பார்க்கும் டெலாய்ட் நிறுவனத்துக்கு மட்டும் தெரியும்.

வாக்கு ரகசியம் என்பீர்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மொத்தம் எத்தனை என்றுதான் கேட்கிறேன். எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலில் 11 வாக்கு வாங்கி டெபாசிட் இழந்தவருக்கும் அந்த 11 அரசாங்கப் பதிவில் இருக்கும். வீட்டில் எத்தனை பேர், வாக்கு எத்தனை என்று கூட்டிக் கழித்து மனைவியிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அவமானம்தான், ஆனால் செத்துப்போகவில்லை. தோற்ற கலைஞரின் மனம் புண்படும் என்று நீங்கள் தயங்கினால், இருபத்தைந்து வருடம் கழித்து வெளியிடுகிறோம் என்று ஒரு விதி வையுங்கள். 2002 விழாவுக்கு அந்தக் கெடு 2027 பிப்ரவரியில் முடிகிறது. சம்பந்தப்பட்ட எல்லோரும் அதற்குள் வேண்டிய விருதும் பேரும் பணமும் பார்த்தாகிவிட்டது. யாருக்கும் நோகாது.

இப்போது தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஹார்வி மேசன் ஜூனியர் ஆர் அண்ட் பி தயாரிப்பாளராக வளர்ந்தவர். அந்த இசையின் ஒலிப்பதிவுக் கூடம் எப்படி இருக்கும், அதில் ஒரு முதல் ஆல்பத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் காலத்திலேயே இது நடந்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்த ஆல்பத்தில் ‘பிரவுன் ஸ்கின்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. காதலனின் தோலும் தன் தோலும் ஒரே நிறமாகக் கலந்து, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியவில்லை என்று கிறங்கிப் பாடுவார். சிவப்பழகு முகப்பூச்சு விளம்பரம் இல்லாமல் ஒரு சீரியல் முடியாத ஊரில், கருப்பாகப் பிறந்த என் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது தட்டை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கும் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது அவளுக்கு. எந்த நிறத்தைப் பற்றிப் பாடுறா என்று கேட்டாள். நம்ம நிறத்தைத்தான் என்றேன். மறுபடி போடு என்றாள். நீங்கள் எண்ணிய வாக்குகளில் இது வராது, அது எனக்குத் தெரியும். வந்தவை எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
‘அகூஸ்டிக் சோல்’ மூன்று பிரதிகளுக்குச் சொந்தக்காரன், அதில் ஒன்று திருட்டு

பி.கு.: இரவல் போன பிரதி அக்காவிடம்தான் இருக்கிறது. கேட்டால், அப்படி ஒன்றை நீ தரவே இல்லையே என்கிறாள்.